பட்டாம்பூச்சி வீட்டுப் பெண்கள்

வெள்ளிக்கிழமை. தேதி நவம்பர் 25, 1960. டொமினிகன் குடியரசின் வடக்குக் கடற்கரையில் புவர்ட்டோ பிளாட்டா என்று ஓர் ஊர். அங்கே ஒரு ஜெயில். மனு பார்த்து முடித்துவிட்டு மூன்று பெண்கள் வெளியே வந்தார்கள். மூன்று பேரும் அக்கா தங்கைகள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்குத் திரும்ப ஒரு மலைப்பாதையைக் கடக்கவேண்டும். அந்தப் பாதையில் வைத்துத்தான் இவர்களை முடிப்பார்கள் என்று வெளியே பேச்சு இருந்தது. வேண்டியவர்கள் எச்சரித்திருந்தார்கள். போகாதீர்கள் என்று சொன்னவர்கள் உண்டு. மூவருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்துதான் போனார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நடுவிலவர் மினர்வா. அவருடைய கணவர் அந்த ஜெயிலில் இருந்தார். கடைக்குட்டி மரியா தெரசா. அவர் கணவரும் அங்கேதான். மூத்தவர் பாட்ரியா. இவர் கணவரும் கைதிதான். ஆனால் அந்த ஜெயிலில் இல்லை. தலைநகருக்குப் பக்கத்தில் வேறொரு ஜெயிலில் கிடந்தார். ஆக, பாட்ரியாவுக்கு அன்றைக்கு அங்கே பார்ப்பதற்கு ஆளே கிடையாது.

பிறகு எதற்கு உயிரைப் பணயம் வைத்து அந்த ஜீப்பில் ஏறினார்?

இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்த வீட்டில் மொத்தம் நான்கு பெண்கள். நான்காவது சகோதரி எங்கே?

*

முதலில் வில்லனைப் பார்த்துவிடுவோம்.

ரஃபேல் ட்ருஹியோ. 1916-லிருந்து 1924 வரை டொமினிகன் குடியரசை அமெரிக்கா பிடித்து வைத்திருந்தது. அப்போது அமெரிக்கத் துருப்புகள் உள்ளூர் ஆட்களைச் சேர்த்து ஒரு காவல்படை அமைத்தார்கள். அதில் போய்ச் சேர்ந்தவர் இவர். கிடுகிடுவென்று மேலே ஏறினார். ராணுவமே கைக்குள் வந்தது. 1930-ல் ஜனாதிபதி. அதற்குப் பிறகு நடுநடுவே தம்பியையோ வேறு யாராவது தலையாட்டி பொம்மையையோ நாற்காலியில் உட்காரவைப்பார். ஆள்வது மட்டும் இவர்தான். மொத்தம் 31 வருடம்.

சாண்டோ டொமிங்கோ என்ற புராதனமான தலைநகருக்கு 1936-ல் தன் பெயரையே சூட்டிக்கொண்டார். ட்ருஹியோ நகரம். நாட்டிலேயே உயரமான மலைச்சிகரம், அதற்கும் ட்ருஹியோ. வீடுகளில் 'இந்த வீட்டில் ட்ருஹியோதான் தலைவர்' என்று பலகை. அப்படியானால் அந்த வீட்டு அப்பா யார் என்று கேட்கக்கூடாது. இந்தப் பலகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கோமாளித்தனம் என்று சிரித்துவிடவேண்டாம். 1937-ல் எல்லைப்பக்கம் வசித்துவந்த ஹைட்டிக்காரர்களை ஒழித்துக்கட்ட உத்தரவு போட்டார். யார் ஹைட்டி, யார் டொமினிகன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம் ஊர்க் கொத்தமல்லி மாதிரி அங்கே பார்ஸ்லி என்று ஒரு தழை. அதன் ஸ்பானியப் பெயரைச் சொல்லச் சொல்வார்களாம். உச்சரிப்பு பிசகினால் வெட்டு. ஒருசில நாள்களில் ஆயிரக்கணக்கான பேர் செத்தார்கள்.

நான் படித்தது பி.காம். சரித்திரப் புத்தகத்தைத் திறந்தாலும் கண் முதலில் கணக்கு நோட்டைத்தான் தேடும். ட்ருஹியோவின் கணக்கு நோட்டு அபாரமானது. உப்பில் ஆரம்பித்தார். உப்பு வியாபாரம் முழுக்க அவர் கைக்குப் போனது. அப்புறம் இறைச்சி, பால், புகையிலை, சர்க்கரை. மக்கள் காலையில் எழுந்து ராத்திரி படுக்கிறவரை எதை வாங்கினாலும் ஏதோ ஒரு வழியில் காசு அவர் கல்லாவில் விழும். தேசம் என்பது அவருக்கு ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. குடிமக்கள் எல்லாரும் சம்பளக்காரர்கள். பிடிக்காதவனை வேலையைவிட்டுத் தூக்குகிற மாதிரி உலகத்தைவிட்டே தூக்கிவிடலாம்.

இன்னொரு குணமும் உண்டு. பெண்கள். எந்த ஊரில் எந்த வீட்டில் அழகான பெண் இருக்கிறாள் என்று பார்த்துச் சொல்லவே ஆள் வைத்திருந்தார். வயசுப் பெண் இருக்கிற வீட்டுக்கு அவரிடமிருந்து விருந்து அழைப்பு வந்தால் பெற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். மறுத்தாலும் ஆபத்து, போனாலும் ஆபத்து.

1949 அக்டோபரில் அப்படி ஓர் அழைப்பு மிராபல் குடும்பத்துக்கு வந்தது.

*

நாட்டின் வடக்கே சால்செதோ பகுதி. அங்கே ஓஹோ தே அகுவா என்று ஒரு சின்னக் கிராமம். என்ரிக்கே மிராபல் அங்கே வசதியான மனிதர். நிலம் உண்டு, கடை உண்டு, வியாபாரம் உண்டு. மனைவி மெர்செதெஸ். ஊரில் எல்லாருக்கும் அவர் தோன்யா சேயா.

நான்கு பெண்கள். பாட்ரியா 1924-ல் பிறந்தவர். சாமி பக்தி அதிகம். பதினாறு, பதினேழு வயசிலேயே கல்யாணம் முடித்துக் குடும்பம், குழந்தை, தோட்டம் என்று ஆகிவிட்டவர். அடுத்தவர் டெடெ, 1925. கணக்கு வழக்கில் கெட்டி. மூன்றாவது மினர்வா, 1926. புத்தகப் பூச்சி. கவிதை, அரசியல், வக்கீலாகவேண்டும் என்ற ஆசை. கடைசியாக ஒன்பது வருட இடைவெளியில் 1935-ல் மரியா தெரசா. இவருக்கு மினர்வா அக்கா என்ன செய்தாலும் தானும் அதைச் செய்தாகவேண்டும்.

கன்னியாஸ்திரீகள் நடத்திய ஹாஸ்டல் பள்ளியில் படித்த பெண்கள். அங்கேதான் மினர்வாவுக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. கூடப் படித்த பிள்ளைகளில் சிலருடைய வீட்டில் அப்பா இல்லை, அண்ணன் இல்லை. என்ன ஆனார்கள் என்று கேட்டால் பதிலும் இல்லை.

சரி, விருந்துக்கு வருவோம். சான் கிறிஸ்டோபலில் ட்ருஹியோவின் மாளிகை. குடும்பத்தோடு போனார்கள். ட்ருஹியோ மினர்வாவோடு நடனம் ஆடினார். வயது 57. மினர்வாவுக்கு 23. பேச்சுக் கொடுத்தார். மினர்வா பிடி கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு, அரசாங்கம் துரத்திக்கொண்டிருந்த ஒரு கம்யூனிஸ்ட் இளைஞரைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள் என்று அவரிடமே கேட்டார் என்று சொல்வார்கள்.

பின்னாளில் வந்த நாவலிலும் சினிமாவிலும் இந்த இடத்தில் பளாரென்று ஓர் அறை விழும். தியேட்டரில் கைதட்டல் வாங்கும் காட்சி. நிஜத்தில் அது நடந்ததாக ஆதாரம் கிடையாது. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. நடந்ததே போதும். திடீரென்று மழை கொட்டியது. விருந்து கலைகிற மாதிரி இருந்தது. மிராபல் குடும்பம் கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டது.

இதில் என்ன தப்பு? தப்புதான். ட்ருஹியோ இருக்கும் இடத்திலிருந்து அவருக்கு முன்னால் யாரும் கிளம்பக்கூடாது. அது சட்டம். எழுதப்படாத சட்டம். எழுதப்பட்ட சட்டங்களைவிட அந்த ஊரில் அதற்குத்தான் மதிப்பு.

அடுத்து என்ன நடந்தது தெரியுமா? அவமானப்படுத்தியது மகள். பிடித்துப்போனது அப்பாவை. தலைநகரில் இருந்த பழைய கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். மினர்வாவையும் அம்மாவையும் ஒரு ஹோட்டலில் காவல் போட்டு வைத்தார்கள். ட்ருஹியோவிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுது என்று மினர்வாவை நெருக்கினார்கள். அவர் எழுதவில்லை. செல்வாக்குள்ள மனிதர்களைப் பிடித்து ஒருவழியாக வெளியே வந்தார்கள். 1951-ல் மறுபடி கைது. மறுபடி அப்பா, மறுபடி மகள், மறுபடி அம்மா. உடைந்துபோன என்ரிக்கே 1953-ல் காலமானார்.

சர்வாதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே பாருங்கள். மினர்வாவை நேராக அடிக்கவில்லை. அடித்தால் வீராங்கனை ஆகிவிடுவார். அப்பாவை அடித்தால்? தன்னால்தானே இவ்வளவும் என்று மகளே நொந்து சாவாள். அதுதான் திட்டம். ஒரு மனிதரைப் பிடித்து ஆட்டுவதற்கு வசதியான கைப்பிடி அவருடைய குடும்பம். இந்த ரகசியம் ட்ருஹியோவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

*

மினர்வா 1952-ல் சட்டம் படிக்கச் சேர்ந்தார். இரண்டாவது வருஷம் வகுப்பில் உட்கார விடவில்லை. பொதுமேடையில் ட்ருஹியோவைப் புகழ்ந்து பேசினால் அனுமதி என்றார்கள். பேசினார். வேறு வழியில்லை. வீராங்கனைகளின் வாழ்க்கையிலும் இப்படிப் பக்கங்கள் உண்டு. அதை மறைக்கவேண்டியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படித்து 1957-ல் பட்டம் வாங்கினார். உயர்ந்த மதிப்பெண். ஆனால் வக்கீல் தொழில் நடத்த லைசென்ஸ் கொடுக்கவில்லை. ஐந்து வருஷம் படிக்கவிட்டுக் கடைசியில் கதவைச் சாத்துவது. வஞ்சம் தீர்க்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

படிக்கிற காலத்தில் மனோலோ தவாரெஸ் என்ற சட்ட மாணவரோடு காதல். 1955-ல் கல்யாணம். இரண்டு குழந்தைகள். மரியா தெரசா 1958-ல் லெயாந்த்ரோ குஸ்மான் என்ற எஞ்சினியரைக் கட்டிக்கொண்டார். அவருக்கு ஒரு பெண் குழந்தை. பாட்ரியாவுக்கு மூன்று. டெடெவுக்கு மூன்று. சாதாரணமான ஒரு பெரிய குடும்பம். பண்டிகைக்கு ஒன்றுகூடினால் வீடு கொள்ளாது.

1959 ஜனவரியில் பக்கத்துத் தீவான கியூபாவில் ஃபிடல் காஸ்ட்ரோ ஜெயித்தார். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? நாடு கடந்து வாழ்ந்த டொமினிகன்காரர்கள் கியூபாவிலிருந்து ஆயுதங்களோடு கிளம்பினார்கள். 1959 ஜூன் 14 அன்று ஒரு பிரிவு மலைப்பகுதியில் வந்து இறங்கியது. அடுத்த சில நாள்களில் மற்றவர்கள் கடல்வழியாக வந்தார்கள். ட்ருஹியோவின் ராணுவம் ஏறக்குறைய எல்லாரையும் கொன்றது. பிடிபட்டவர்களையும் விடவில்லை.

அந்தத் தேதியையே பெயராக வைத்து ஒரு ரகசிய இயக்கம் பிறந்தது. 'ஜூன் 14 இயக்கம்.' 1960 ஜனவரியில் முதல் கூட்டம் நடந்த வீடு யாருடையது தெரியுமா? பாட்ரியாவுடையது. ஆம், ஜெபமாலையும் தோட்டமுமாக இருந்த அதே பாட்ரியா. என் பிள்ளைகள் இந்த ஆட்சியில் வளரக்கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். அரசியல் தத்துவம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அடுத்த நாள் இன்னோர் ஊரில் கூடி மனோலோவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இயக்கத்தில் மினர்வாவுக்கு வைத்த சங்கேதப் பெயர் 'மரிபோசா'. ஸ்பானிய மொழியில் பட்டாம்பூச்சி. பிற்பாடு சகோதரிகள் எல்லாருக்குமே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

டெடெ? அவர் சேரவில்லை. கணவர் ஒப்புக்கொள்ளவில்லை. கணவரை மீறிப் போகிற துணிச்சல் அன்றைக்கு அவருக்கு இல்லை. தங்கைகளும் அக்காவும் நெருப்பில் நடக்க, இவர் ஓரமாக நின்று பதறிக்கொண்டிருந்தார். இது கோழைத்தனமா? அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

*

இயக்கம் தொடங்கிய சில நாள்களிலேயே கதை கந்தலாகிவிட்டது. ட்ருஹியோவின் உளவுப்படைக்கு 'சிம்' என்று பெயர். அதன் தலைவர் ஜானி அபெஸ். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் தெரியுமல்லவா, ஆமை மாதிரி இருக்குமே, அதில் கறுப்பு நிறத்தில் ஒன்று தெருவில் மெதுவாக ஊர்ந்து வந்தால் ஜனங்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். அது சிம் வண்டி.

1960 ஜனவரியில் வளைத்து வளைத்துப் பிடித்தார்கள். மனோலோ, லெயாந்த்ரோ, பாட்ரியாவின் கணவர் பெத்ரோ, அவர்களுடைய பதின்வயது மகன் நெல்சன். மினர்வா, மரியா தெரசா. பாட்ரியாவின் வீட்டைத் தரைமட்டமாக்கினார்கள். சொத்து பறிமுதல். ஆண்களைக் கொண்டுபோன இடத்துக்கு 'லா குவாரந்தா' என்று பெயர். நாற்பது என்று அர்த்தம். மின்சார நாற்காலி இருந்த சித்திரவதைக்கூடம். அந்தப் பெயரை ஜனங்கள் உரக்கச் சொல்லவே பயந்தார்கள்.

ஆனால் இந்தத் தடவை ட்ருஹியோ கணக்கில் கொஞ்சம் தப்பிவிட்டது. சிக்கியவர்களில் நிறையப் பேர் நல்ல வசதியான வீட்டுப் பிள்ளைகள். டாக்டர், எஞ்சினியர், வக்கீல். ஊரே முணுமுணுத்தது. முப்பது வருடமாக வாயைத் திறக்காத கத்தோலிக்கத் திருச்சபை, அதே ஜனவரி மாதக் கடைசியில் கைதுகளைக் கண்டித்து ஒரு கடிதத்தை எல்லாத் தேவாலயங்களிலும் வாசித்தது. ஜூனில் ட்ருஹியோ இன்னொரு காரியம் செய்தார். தன்னை விமர்சித்த வெனிசுவேலா ஜனாதிபதி பெட்டன்கூர்ட்டைக் கார் குண்டு வைத்துக் கொல்லப் பார்த்தார். அவர் தீக்காயத்தோடு தப்பித்துவிட்டார். ஆகஸ்டில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து ட்ருஹியோவோடு உறவை முறித்துக்கொண்டன.

மினர்வாவையும் மரியா தெரசாவையும் பிப்ரவரியில் விட்டு, மே மாதம் மறுபடி பிடித்து, ஜெயில் தண்டனை விதித்திருந்தார்கள். வெளியுலக நெருக்கடி முற்றவே, ஆகஸ்ட் 9-ம் தேதி திறந்துவிட்டார்கள். கணவர்களை விடவில்லை.

விடுதலையான பெண்கள் ஓஹோ தே அகுவா பக்கத்தில் அம்மா வீட்டில் வந்து இருந்தார்கள். வீட்டுக்காவல் மாதிரிதான். வெளியே சிம் ஆள்கள். ஜெயிலுக்கு மனு பார்க்கப் போவதற்கு மட்டும் அனுமதி. எனக்கு இருப்பது இரண்டே தலைவலி, ஒன்று சர்ச், இன்னொன்று இந்த மிராபல் பெண்கள் என்று நவம்பர் மாத ஆரம்பத்தில் ட்ருஹியோ சொன்னதாகச் சொல்வார்கள்.

அதே நவம்பரில் ஓர் இடமாற்றம் நடந்தது. மனோலோவையும் லெயாந்த்ரோவையும் மட்டும் தலைநகர்ப் பக்கத்து ஜெயிலிலிருந்து வடக்கே புவர்ட்டோ பிளாட்டாவுக்கு மாற்றினார்கள். ஏன் அவர்கள் இரண்டு பேர் மட்டும்? ஏன் அந்த ஊர்? யோசித்துப் பாருங்கள். அங்கே போகவேண்டுமானால் ஆளரவமில்லாத மலைப்பாதையில்தான் போகவேண்டும். எலிப்பொறியில் மசால் வடை வைக்கிற வேலை. கணவர்கள்தான் மசால் வடை.

பழைய சூத்திரம்தான், கவனித்தீர்களா? அப்பாவை வைத்து மகளைப் பிடித்த மாதிரி, இப்போது புருஷனை வைத்து மனைவியை.

*

பொறி என்று தெரிந்தும் அவர்கள் போனார்கள். போகாமல் இருந்தால் என்ன ஆகும்? உள்ளே இருப்பவர்களுக்கு, நம்மை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று தோன்றும். அது நேர்ந்தால் ஜெயிலில் மனிதன் உடைந்துபோவான். உடைவதற்காகத்தானே அடைத்து வைத்திருக்கிறார்கள்?

மினர்வாவும் மரியா தெரசாவும் கிளம்பினார்கள். இப்போது பாட்ரியா. அவருடைய கணவர் அங்கே இல்லை. ஆனால் அந்த மலைப்பாதையில் தங்கைகள் தனியாகப் போகக்கூடாது. மூத்தவர். கூடப் போனார். அவ்வளவுதான் விஷயம். முதலில் கேட்ட கேள்விக்கு இதற்குமேல் பெரிய பதில் கிடையாது.

மிராபல் பெண்களுக்கு வண்டி ஓட்டவே ஆள்கள் பயந்த நேரம் அது. ருஃபினோ தெ லா க்ரூஸ் என்பவர் வந்தார். அவருக்கும் குடும்பம் இருந்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று பேர் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அன்றைக்கு அந்த ஜீப்பில் நான்கு பேர்.

திரும்பும் வழியில் ஒரு பாலத்தின் அருகே சிம் ஆள்கள் வண்டியை மறித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்தது. சகோதரிகளில் ஒருவர் பிடியிலிருந்து விடுபட்டு ஓடி, இவர்கள் எங்களைக் கொல்லப்போகிறார்கள், சால்செதோவில் மிராபல் குடும்பத்தாரிடம் சொல்லுங்கள் என்று கத்தினார். அதற்குமேல் ஓட விடவில்லை.

நால்வரையும் கொண்டுபோய், கழுத்தை நெரித்து, தடியால் அடித்துக் கொன்றார்கள். ஒருத்தர் சாவதை இன்னொருத்தர் பார்க்கக்கூடாது என்று தனித்தனியாகப் பிரித்துக் கொண்டுபோகச் சொன்னதாக, கொலைக்கூட்டத்தில் இருந்த சிரியாக்கோ தெ லா ரோசா பின்னாளில் கோர்ட்டில் சொன்னார். தடுக்க நினைத்தேன், தடுத்திருந்தால் ட்ருஹியோ எங்கள் எல்லாரையும் கொன்றிருப்பார் என்றும் சொன்னார். கொலைகாரனையும் ஆட்டிவைத்தது பயம்தான். ஒரே ஒரு வித்தியாசம். அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டு இந்தப் பெண்கள் ஒரு பக்கம் போனார்கள், அவன் இன்னொரு பக்கம் போனான்.

உடல்களை ஜீப்பில் ஏற்றி, லா கும்ப்ரே என்ற இடத்தில் மலையிலிருந்து பள்ளத்தில் உருட்டினார்கள். பத்திரிகையில் விபத்து என்று செய்தி வந்தது. பாட்ரியாவுக்கு 36 வயது, மினர்வாவுக்கு 34, மரியா தெரசாவுக்கு 25.

*

நாட்டில் ஒருத்தர்கூட அதை விபத்து என்று நம்பவில்லை. எத்தனையோ கொலைகளை அந்த ஊர் தாங்கியிருக்கிறது. ஆனால் இது வேறு. மூன்று பேரும் பிள்ளை பெற்ற தாய்கள். ஜெயிலில் கிடக்கும் கணவனுக்கு முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பியவர்கள். இவர்களையே விட்டுவைக்கவில்லை என்றால் நம் வீட்டில் யாரை விட்டுவைப்பான்? அதுவரை அரசியல் நமக்கெதற்கு என்று இருந்தவனும் ராத்திரி தூங்குகிற தன் பெண்டாட்டி பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தான்.

'இந்த வீட்டில் ட்ருஹியோதான் தலைவர்' என்ற பலகை ஞாபகமிருக்கிறதா? அன்றைக்குத்தான் அது வெறும் பலகை ஆனது.

ஆறே மாதம். 1961 மே 30, ராத்திரி. தலைநகருக்கு வெளியே கடலோர நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த ட்ருஹியோவின் காரை மறித்துச் சுட்டுக் கொன்றார்கள். செய்தவர்களில் பலர் அவருடைய ஆட்சியோடு ஒட்டி வாழ்ந்தவர்கள்தான். சிலருக்குச் சொந்தக் குடும்பத்து ரத்தத்தின் கணக்கு பாக்கி இருந்தது. அமெரிக்க உளவுத்துறை மூலம் வந்த ஆயுதங்களும் அதில் இருந்தன. மிராபல் சகோதரிகளின் சாவு ஒன்றே காரணம் என்று சொல்லமுடியாது. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஆட்சி எழுந்து நிற்கவே இல்லை.

1962-ல் கொலைகாரர்கள் மேல் வழக்கு நடந்தது. நீண்ட தண்டனைகள் கிடைத்தன. 1965-ல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது அந்தக் குழப்பத்தில் தப்பித்துப் போய்விட்டார்கள். சினிமாவாக இருந்தால் இதை ஒப்புக்கொள்ளமாட்டோம். சரித்திரம் நம்மைக் கேட்டு எழுதப்படுவதில்லை. விடுதலையான மனோலோ, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கத்தை ராணுவம் கவிழ்த்ததை எதிர்த்து மலைக்குப் போய், 1963 டிசம்பரில் கொல்லப்பட்டார். மினர்வாவின் இரண்டு குழந்தைகளுக்கு இப்போது அப்பாவும் இல்லை.

*

இனி டெடெ.

அக்கா, தங்கைகளின் உடல்கள் வந்தன. மரியா தெரசாவுக்கு நீளமான பின்னல். டெடெ அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து வேலையைப் பார்க்கப் போனார். ஏனென்றால் வேலை இருந்தது. பாட்ரியாவின் பிள்ளைகள் மூன்று, மினர்வாவுக்கு இரண்டு, மரியா தெரசாவுக்கு ஒன்று. ஆறு பேர். சின்னதுகளுக்கு இரண்டு வயசுகூட நிறையவில்லை. தன்னுடைய மூன்றையும் சேர்த்தால் ஒன்பது. மூன்று மகள்களைப் பறிகொடுத்த கிழவி தோன்யா சேயாவும் டெடெவும் சேர்ந்து அத்தனை பிள்ளைகளையும் ஆளாக்கினார்கள். தோன்யா சேயா 1981-ல் காலமானார்.

ஏன் உங்களை மட்டும் கொல்லவில்லை? அறுபதுக்குப் பிறகு டெடெவைப் பார்த்த எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் இதைத்தான் கேட்டார்கள். நீங்கள் ஏன் சேரவில்லை என்ற கேள்வியும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஐம்பது வருஷத்துக்கும் மேல் இந்தக் கேள்வியோடு வாழ்ந்து பார்த்தால் தெரியும். கதையைச் சொல்வதற்காகத்தான் நான் மிஞ்சினேன் என்று பதில் வைத்திருந்தார். சொன்ன மாதிரியே செய்தார். சகோதரிகள் கடைசியாக வாழ்ந்த வீட்டை மியூசியம் ஆக்கினார். பார்க்க வருகிறவர்களுக்கு உட்கார்ந்து கதை சொன்னார். அந்தப் பின்னல் இன்றைக்கும் அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. கணவரை மீறத் துணியாத அந்தப் பெண் பின்னாளில் விவாகரத்தும் வாங்கினார். 2009-ல் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். 2014 பிப்ரவரி 1-ம் தேதி மறைந்தார். கூடப் பிறந்தவர்களைவிட 53 வருடம் அதிகம் வாழ்ந்தார்.

வளர்த்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? மினர்வாவின் மகள் மினோ பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். டெடெவின் சொந்த மகன் ஒருவர் 1996-லிருந்து 2000 வரை நாட்டின் துணை ஜனாதிபதி. ட்ருஹியோ தன் பெருமைக்காகத் தலைநகரில் ஒரு பிரம்மாண்டமான தூண் எழுப்பியிருந்தார். 1997-ல் அந்தத் தூண் முழுக்க மிராபல் சகோதரிகளின் ஓவியத்தை வரைந்தார்கள். 200 பெசோ நோட்டில் மூன்று பேரின் முகம் வந்தது. உப்பில் ஆரம்பித்து ஊர்ப் பணத்தையெல்லாம் வாரிய மனிதரின் தேசத்தில் இப்போது பணத்தின் மேலேயே அவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிறந்த மாகாணத்துக்கும் அவர்கள் பெயர்தான்.

இன்னொன்று உங்களுக்கே தெரிந்தது. வருஷா வருஷம் நவம்பர் 25-ம் தேதி பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நாள் என்று கல்லூரிகளில் பேனர் கட்டுவார்கள், ஊர்வலம் போவார்கள். லத்தீன் அமெரிக்கப் பெண்கள் 1981-ல் கொலம்பியாவில் கூடி அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1999-ல் ஐ.நா. சபை அதை உலகத்துக்கே பொதுவாக்கியது. அந்தத் தேதி, அந்த மலைப்பாதையின் தேதி.

ஒரு குடும்பத்தின் பாசத்தைக் கைப்பிடியாகப் பிடித்து ஆட்டினால் யாரையும் பணியவைக்கலாம் என்று ட்ருஹியோ நினைத்தார். முப்பது வருடம் அது பலித்தது. கடைசியில் அவர் கணக்கில் வராமல் போனவர்கள் இரண்டு பேர். பார்க்க ஆளில்லாத ஜெயிலுக்குத் தங்கைகளோடு துணைக்குப் போன ஓர் அக்கா. எல்லாம் முடிந்தபிறகு, ஒன்பது பிள்ளைகளுக்குச் சோறு போட எழுந்த இன்னொரு அக்கா.

அடுத்த நவம்பர் 25 அன்று எங்கேயாவது அந்த பேனரைப் பார்த்தால், மூன்று பேரோடு டெடெவையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ருஃபினோவையும்தான்.